சிவனொளிபாதமலையில் எரிமீன் பார்க்கும் இரவு

இரவு வானத்திலே எரிமீன் ஒன்று வீழ்வதைக் கண்டவர் உடனே பச்சை மரமொன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிராமத்து முதியோர் கூறுவதுண்டு. வீழும் மீனைத் தீக்குறியாகக் கொள்ளும் எண்ணம் மிகப் பழையது. புறநானூற்றின் 229ஆம் பாட்டு அதற்குச் சான்று. பங்குனி மாதத்து நள்ளிரவொன்றில் மீன் வீழக் கண்ட கூடலூர் கிழார், சேர மன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு நேருமோ என அஞ்சினார். ஏழாம் நாளிலே மன்னன் மறைந்தான். அந்த அச்சம் ஒருபுறமிருக்க, அவ்வேளையில் எந்த மீன் உச்சியினின்று சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது, வீழ்ந்த மீன் எத்திசை நோக்கிற்று என்பவற்றையும் புலவர் பாட்டிலே குறித்து வைத்திருக்கிறார். வானத்தை நாள்தோறும் பார்த்துப் பழகிய கண் அது.

அன்று அஞ்சிப் பார்த்ததை இன்று பலர் தேடிச் சென்று பார்க்கின்றனர். ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் 13ஆம், 14ஆம் திகதிகளை ஒட்டிய இரவுகளில், அஃதாவது கார்த்திகை மாதத்தின் கடைசி நாட்களில், மிதுன எரிமீன் பொழிவு உச்சமடைகின்றது. ஆண்டில் நிகழும் பொழிவுகளுள் மிகச் செழிப்பானவற்றில் இஃதொன்று. இலங்கையில் இதனைக் காண ஏற்ற இடம் யாது என்று கேட்டால், முதலில் நினைவுக்கு வரும் பெயர் சிவனொளிபாதமலை. இரவிலே ஏறுவதற்கென்றே நூற்றாண்டுகளாக வழி சமைக்கப்பட்ட மலை அது. ஆயினும் நாளைச் சரியாகத் தேராமல் அங்கு ஏறுபவர் கால்வலியை மட்டும் கண்டு இறங்க நேரிடும். மலைவழிக்கு வேண்டியது வெளிச்சம். எரிமீனுக்கு வேண்டியது இருள். இவ்விரண்டுக்கும் இடையிலே சந்திரன் வேறு வந்து நிற்கின்றான்.

முதலில் எரிமீன் இன்னதென்று அறிதல் வேண்டும். எரிமீனுக்கும் விண்மீனுக்கும் யாதொரு உறவும் இல்லை. சூரியனைச் சுற்றித் திரியும் மணற்பருக்கை போன்ற சிறு துகளொன்று பூமியின் வளிமண்டலத்துட் புகும்போது, முன்னுள்ள காற்று நெருக்குண்டு கடுஞ்சூடு அடைகின்றது. துகள் ஆவியாகிக் காற்றோடு சேர்ந்து ஒளிர்கின்றது. நிலத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் உயரத்தில் தொடங்கும் இந்த ஒளிர்வு, பெரும்பாலும் ஓரிரு விநாடிகளுக்குள் முடிந்துவிடும். மிதுனப் பொழிவின் துகள்கள் விநாடிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்றன. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள நேர்த்தூரத்தை ஒன்பது விநாடிகளிற் கடக்கும் வேகம் அது. எனினும் விநாடிக்கு 71 கிலோமீற்றர் வேகத்தில் வரும் நவம்பர் மாதத்துச் சிங்கப் பொழிவோடு ஒப்பிட்டால் இவை நிதானமானவை. பக்கத்தில் இருப்பவருக்குச் சுட்டிக்காட்டி, அவரும் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சில எரிமீன்கள் நின்று செல்லும். புதிதாகப் பார்ப்பவர்க்கு இப்பொழிவு ஏற்றதென்பதற்கு இதுவே காரணம்.

இத்துகள்கள் எங்கிருந்து வந்தன? பிற பொழிவுகளுட் பெரும்பாலானவற்றுக்கு வால்வெள்ளிகளே தாய். ஆகஸ்ட் மாதத்துப் பொழிவுக்கும் ஒரு வால்வெள்ளிக்கும் உள்ள தொடர்பை இத்தாலிய வானியலாளர் சியாப்பரெல்லி 1866ஆம் ஆண்டளவில் நிறுவினார். ஆனால் 1862ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட மிதுனப் பொழிவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாய் அகப்படவில்லை. 1983ஆம் ஆண்டில், அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு வானத்தை ஆராய்ந்த செயற்கைக்கோளொன்று ஒரு சிறுகோளைக் கண்டது. அதன் பாதையும் இத்துகள்களின் பாதையும் ஒன்றே என்பதை அமெரிக்க வானியலாளர் பிரெட் விப்பிள் எடுத்துக்காட்டினார். சூரியனுடைய தேரைச் செலுத்த முயன்று அழிந்த கிரேக்கக் கதையின் மைந்தன் பெயரால் அது பேத்தன் என வழங்குகின்றது. ஐந்தாறு கிலோமீற்றர் குறுக்களவுள்ள அந்தக் கல், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கொருமுறை சூரியனை 2 கோடியே 10 இலட்சம் கிலோமீற்றர் அளவுக்கு அணுகி, 700 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் வெந்து மீள்கின்றது. வால்வெள்ளியைப் போல் பனிக்கட்டி நிறைந்ததாக அது தோன்றவில்லை. அதனின்றும் இவ்வளவு தூசி எவ்வாறு சிதறியது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை.

இப்பொழிவின் எரிமீன்கள் வானத்தின் எப்பகுதியிலும் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றின் கோட்டையும் பின்னோக்கி நீட்டினால், எல்லாம் மிதுன இராசியில், புனர்பூச நாளின் இரு மீன்களுக்கு அருகே ஒரே புள்ளியிற் சென்று கூடும். புகையிரதத் தண்டவாளங்கள் இரண்டும் தொலைவிலே ஒன்றாகக் கூடுவதுபோல் தோன்றுகின்றனவன்றோ? அதே மாயந்தான் இது. துகள்கள் உண்மையில் இணையாகவே வருகின்றன. அப்புள்ளியைக் கண்டுபிடிப்பதற்கு வான நூற்பயிற்சி வேண்டியதில்லை. சிவந்து ஒளிரும் திருவாதிரையை அறிந்தவர், அதற்கு வடகிழக்கே அருகருகாய் நிற்கும் இரு மீன்களையும் எளிதில் அறிந்துகொள்வர். டிசம்பர் நடுப்பகுதியில் அப்புள்ளி இரவு எட்டு மணியளவில் வடகீழ்த் திசையில் எழும். அதிகாலை இரண்டு மணிக்கு அதன் உச்ச உயரத்தை அடையும். இலங்கையிலிருந்து நோக்குவோர்க்கு அவ்வேளையில் அது வடவானிலே 64 பாகை உயரத்தில், தலைக்குச் சற்றுக் கீழே நிற்கும். புள்ளி உயர உயர, கண்ணிற்படும் எரிமீன்களின் தொகையும் உயரும்.

நள்ளிரவுக்குப் பிந்திய நேரம் சிறந்ததென்பதற்குப் பொதுவான காரணம் ஒன்றும் உண்டு. மழையிலே ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடியில் துளிகள் மிகுதியாகவும், பின்கண்ணாடியிற் குறைவாகவும் படுகின்றன. சூரியனைச் சுற்றி ஓடும் பூமிக்கு, நள்ளிரவிலிருந்து நண்பகல் வரையுள்ள பக்கமே முன்கண்ணாடி.

இனி, மலை எதற்கு? 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் உச்சியில் நிற்பவருக்கு, வளிமண்டலத்தின் ஐந்திலொரு பங்குக்கு மேல் காலடியிற் கிடக்கின்றது. காற்றிலுள்ள நீராவியில் ஏறக்குறையப் பாதியும் கீழேயே தங்கிவிடுகின்றது. சமவெளியில் வானத்தை வெளுக்கச் செய்வது அந்த ஈரப்பதமும் தூசியுமேயாம். எரிமீனுக்கு அருகிலே செல்கின்றோம் என்று எண்ணி ஏறுவதில் மட்டும் பொருளில்லை. நூறு கிலோமீற்றர் உயரத்து ஒளிக்கு முன்னால் இரண்டு கிலோமீற்றர் ஏற்றம் ஒரு கணக்கன்று. மலையுச்சியிலிருந்து வடவானில் பாதி உயரத்தில் தென்படும் எரிமீன், உண்மையில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட ஊர்களின் தலைக்கு மேலே எரிகின்றது.

காற்றின் போக்கும் இம்மலைக்குச் சாதகமானது. டிசம்பரில் தொடங்கும் வடகீழ்ப் பருவக்காற்று முகிலைக் கொணர்ந்து வடக்கிலும் கிழக்கிலும், மலைநாட்டின் கீழைச் சரிவிலும் கொட்டுகின்றது. மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில் நிற்கும் சிவனொளிபாதமலை அக்காற்றுக்கு ஒதுக்குப்புறம். ஆகவேதான் யாத்திரைப் பருவமும் டிசம்பர் மாதத்துப் பூரணைப் போயாவிலே தொடங்கி, மே மாதத்து வெசாக் போயாவோடு முடிகின்றது. எரிமீனுக்கெனத் தனியே ஒரு பருவத்தைக் கணிக்க வேண்டியதில்லை. யாத்திரிகர் அனுபவத்தாற் கண்ட பருவத்தின் வாயிலிலேயே அது வந்து விழுகின்றது.

உச்சியிலுள்ள பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தர் பெருமானுடையதென்றும், சைவர் சிவபெருமானுடையதென்றும், இஸ்லாமியரும் கிறித்தவரும் ஆதாமுடையதென்றும் போற்றுவர். மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா 1344ஆம் ஆண்டிலே இம்மலையைத் தரிசித்தார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியே பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அவரை அனுப்பி வைத்தான். அவர் பற்றி ஏறிய இரும்புச் சங்கிலிகளின் இடத்தை இன்று படிக்கட்டுகளும் கைப்பிடிக் கம்பிகளும் பெற்றிருக்கின்றன. ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து ஏறும் வழியிலே ஏறக்குறைய ஐயாயிரத்து ஐந்நூறு படிகள். இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தல வழி நீண்டது, கடினமானது. முன்னோர் வழியென்று அதனையே விரும்புவோரும் உளர்.

யாத்திரைப் பருவத்தில் நல்லதண்ணி வழி முழுவதும் மின்குமிழ்கள் எரிகின்றன. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு, மலைக்கு ஒளிமாலை சூட்டியது போன்ற காட்சி அது. முதுகு கூனிய பாட்டியையும் தோளிலே குழந்தையைச் சுமந்து வரும் தோட்டத் தொழிலாளியையும் இரவிலே பத்திரமாக ஏற்றி இறக்குவது அந்த வெளிச்சந்தான். ஆனால் எரிமீன் பார்க்க வருபவனுக்கு அதுவே தடை. மனிதக் கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் செல்லும். விழித்திரையிலுள்ள கோல் உயிரணுக்களில் மங்கிய ஒளியை உணரும் நிறப்பொருள் மெல்ல மெல்லச் சேர வேண்டும். வெள்ளொளி ஒருமுறை பட்டால் அது கணத்திற் சிதைந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு வளைவிலும் மின்குமிழைக் கடந்து ஏறுபவருக்கு மிகப் பிரகாசமான எரிமீன்களே தென்படும். சூரியோதயத்துக்காக இரண்டு மணிக்குப் புறப்படும் வழக்கமும் இங்கே பாதகமாகின்றது. மிதுனப்புள்ளி உச்சத்தில் நிற்கும் அந்த நேரத்திலேதான் அவருடைய கண் அடுத்த படியைத் தேடிக்கொண்டிருக்கும்.

விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்தாலென்ன என்று எரிமீன் ஆர்வலர் சிலர் எண்ணலாம். அது முறையன்று. வழி யாத்திரிகருடையது, வந்தவர் விருந்தாளி. நாளையும் நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியவர் விருந்தாளியே.

நாளைப் பற்றிய சிக்கல் இதுதான். எரிமீன் பொழிவு சூரியனைச் சுற்றிய பூமியின் பாதையைச் சார்ந்தது; ஆகவே ஆண்டுதோறும் அதே திகதியில் வரும். யாத்திரைப் பருவமோ பூரணையைச் சார்ந்தது. பன்னிரண்டு சந்திர மாதங்கள் 354 நாட்களே ஆதலால், டிசம்பர் மாதத்துப் பூரணை ஒவ்வோர் ஆண்டும் பதினொரு நாள் அளவுக்கு முன்னோக்கி நகர்ந்து, பின்னர் ஒருமுறை பின்னுக்குத் தாவும். 2024ஆம் ஆண்டில் உந்துவப் போயா டிசம்பர் 14ஆம் திகதி வாய்த்தது. பருவம் தொடங்கிய அதே இரவில் பொழிவும் உச்சம், வானத்திலோ முழுநிலவு. திருவிழாவுக்கு அதைவிடச் சிறந்த நாளில்லை, எரிமீனுக்கு அதைவிடக் கெட்ட நாளுமில்லை. 2027ஆம் ஆண்டிலும் பூரணை டிசம்பர் 13ஆம் திகதியை ஒட்டி வருவதால் நிலை ஏறக்குறைய அவ்வாறே. 2025ஆம் ஆண்டிலே போயா 4ஆம் திகதி வந்தது. பொழிவின்போது தேய்பிறைச் சந்திரன் நள்ளிரவு கடந்தே, மெலிந்து உதித்தான். வழியிலே விளக்கும் கடையும் உண்டு, வானத்திலே இருளும் உண்டு. பொதுமக்களுக்கு உகந்த ஆண்டு இத்தகையதே. 2023ஆம் ஆண்டு நேர்மாறானது. அமாவாசை டிசம்பர் 13ஆம் திகதியை ஒட்டி வந்தமையால் வானம் மிகச் சிறந்திருந்தது; ஆனால் போயா 26ஆம் திகதியாதலின் பருவம் தொடங்கவேயில்லை. 2026ஆம் ஆண்டிலும் போயா 23ஆம் திகதி. வளர்பிறைச் சந்திரன் நள்ளிரவுக்கு முன்னரே மறைந்துவிடுவான். வானம் தூயது, வழி இருண்டது.

இந்த இருண்ட ஆண்டுகளே வானியல் ஆர்வலரை மிகவும் ஈர்க்கின்றன. ஆபத்தும் இவற்றிலேதான் மிகுதி. பருவமல்லாத காலத்தில் வழிவிளக்கு எரிவதில்லை. தேநீர்க் கடைகள் மூடிக் கிடக்கும். கால் பிசகி விழுந்தவருக்குக் கைகொடுக்க முன்னும் பின்னும் ஆளில்லை. சுற்றியுள்ளது சிறுத்தை வாழும் காடு. 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. ஒக்டோபர், நவம்பர் மழையில் ஊறிய மண்ணும் டிசம்பர் நடுப்பகுதிக்குள் முற்றாக உலர்ந்துவிடுவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலின்போது மலைநாடெங்கும் நேர்ந்த மண்சரிவுகளை அங்குள்ளோர் எளிதில் மறக்கமாட்டார்கள். ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும், உள்ளூர்ப் பொலிசாரின் சொல்லும் வானிலை அறிக்கைக்கு முன்னதாகக் கேட்கப்பட வேண்டியவை. வழியறிந்த உள்ளூரவர் ஒருவரின் துணையின்றி, பருவத்துக்கு முன் இரவிலே இம்மலையில் ஏறுவது துணிச்சலென்று போற்றத்தக்கதன்று. அத்தகைய ஆண்டில் உச்சியை விட்டுவிட்டு, மஸ்கெலியாப் பக்கத்து மேட்டுநிலத்திலே, தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் படுப்பவர் இழப்பது சிறிதே. உச்சியிற் காண்பவற்றுட் பெரும்பகுதியை அவரும் காண்பார்.

பருவத்தில் ஏறுவோர், இரவு ஒன்பது மணியளவிற் புறப்படுதல் நன்று. நிதானமாக ஏறினால் நான்கு மணி நேரத்தில், கூட்டம் பெருகுமுன், மேற்பகுதியை அடையலாம். உச்சி முற்றத்தில் விளக்கும் வழிபாடும் நெரிசலும் இருப்பதால் அது பார்வைக்கு ஏற்றதன்று. படியோரத்துத் தங்கிடங்களின் மறைவில், விளக்கு நேரே கண்ணிற் படாத இடமொன்றைத் தேர்ந்து, எவருடைய வழியையும் மறிக்காமல் அமர வேண்டும். ஏறும்போது வியர்த்த ஆடையைக் களைந்து உலர்ந்ததை அணிந்த பின்னரே உட்காருதல் முக்கியம். அதிகாலையில் வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. நனைந்த சட்டையோடு அசையாது இருப்பவர் அரை மணி நேரத்தில் நடுங்கத் தொடங்குவார். கம்பளி, தலையை மூடும் துணி, வெந்நீர்ப் போத்தலிலே தேநீர் ஆகியன போதும். 'ரோச்' என்று வழங்கும் மின்சூளின் முகப்பிலே சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளலாம். செவ்வொளி இருளுக்குப் பழகிய கண்ணை அதிகம் கெடுப்பதில்லை. கைத்தொலைபேசியோ, ஒருமுறை திறந்தால் அரை மணி நேரப் பழக்கத்தைப் பறித்துவிடும், பையிலிருப்பதே நல்லது. தொலைநோக்கியும் வேண்டா. அது காட்டும் சிறு வட்டத்துக்குள் எரிமீன் வந்து விழும்வரை காத்திருப்பவர் விடியும்வரை காத்திருப்பார்.

மிதுனப்புள்ளியையே உற்றுப் பார்த்தலும் தவறு. அதற்கருகே தோன்றும் எரிமீன்கள் நேரே நம்மை நோக்கி வருவனவாதலின் குறுகிய கோடாய்த் தெரியும். நாற்பது ஐம்பது பாகை விலகி, இருண்ட பகுதியை நோக்கிச் சாய்ந்திருந்தால் நீண்ட கோடுகளைக் காணலாம். மேற்கே ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர் தொலைவில் கொழும்பு மாநகரின் ஒளி அடிவானத்தை வெளுப்பிக்கும். அப்பக்கத்தைத் தவிர்த்தல் நன்று. மணிக்கு 150 எரிமீன் என நூல்களிற் காணும் எண், குறையற்ற வானமும் தலைக்கு நேரே நிற்கும் புள்ளியும் அமைந்தால் காணத்தக்க தொகை. மலையோரத்தில், பாதி வானத்தைப் பாறையும் மரமும் மறைக்க அமர்ந்திருப்பவர் மணிக்கு ஐம்பது கண்டால் நிறைவடையலாம். அவையும் சீராக வாரா. பத்து நிமிடம் ஒன்றுமில்லாதிருந்து, ஒரே நிமிடத்தில் நான்கு வரும். பொறுமையுடையவர் ஒவ்வொரு கால் மணிக்கும் கண்ட எண்ணிக்கையையும், கண்ணுக்குத் தெரிந்த மிக மங்கலான விண்மீனையும் குறித்து வைத்தால், 1988ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அனைத்துலக எரிமீன் அமைப்புக்கு அதனை அனுப்பலாம். கூடலூர் கிழார் செய்ததும் ஏறக்குறைய இந்த வேலைதான்.

முகில் மூடிவிட்டால் என் செய்வது? மலையில் அது எந்நேரமும் நிகழலாம். சிலவேளை முகிற்படலம் உச்சிக்குக் கீழே வெண்கடலாகப் படிந்து, ஊர்விளக்குகளையெல்லாம் மறைத்து நன்மை செய்யும். சிலவேளை மேலேறி வந்து அடுத்த படியைக்கூட மறைக்கும். ஆனால் எரிமீனை உணர்வதற்குக் கண் ஒன்றே வழியன்று. எரிமீனின் தடத்தில் மின்னேற்றம் பெற்ற காற்று, வானொலி அலைகளைக் கணப்பொழுது திருப்பியனுப்பும். வழக்கமாகக் கேளாத தொலைதூர நிலையமொன்றின் பண்பலை ஒலிபரப்பு அரை விநாடி திடீரெனக் கேட்டு மறைவது அதனாலே நிகழலாம். 1946ஆம் ஆண்டு ஒக்டோபரில் தோன்றிய பொழிவொன்றை இங்கிலாந்தில் ஜோட்ரெல் பாங்க் என்னுமிடத்தில் லவெல் என்பாரும் துணைவரும் ராடார்க் கருவியால் ஆராய்ந்தனர். மறு ஆண்டிலேயே, சூரிய ஒளியால் மறைக்கப்பட்டுப் பகலில் நிகழும் பொழிவுகளும் அக்கருவிக்கு அகப்பட்டன.

ஐந்து மணிக்குக் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும். எரிமீன்கள் ஒவ்வொன்றாய் ஒளி குன்றும்; கீழிருந்து ஏறிவரும் கூட்டத்தின் ஒலி பெருகும். எத்தனையாவது முறை ஏறினாரோ அத்தனை முறை மணியடிப்பது யாத்திரிகர் வழக்கமாதலால், உச்சியில் மணியோசை ஓயாது கேட்கும். ஆறேகால் அளவில் சூரியன் எழும்போது மலையின் நிழல் மேற்கே முகிலின் மீது கூரிய முக்கோணமாய் விழுந்து, சிறிது சிறிதாகக் குறுகும். அதனைக் கண்டபின் அனைவரும் இறங்குவர். இறக்கத்திலே முழங்கால் படும் பாடு ஏற்றத்தைவிடப் பெரிது. விழித்திருந்த இரவின் களைப்பில் படி தவறுவதும் அப்போதே மிகுதி. ஆதலின் இறங்குமுன் அரை மணி நேரமேனும் அமர்ந்து ஆறுதல் வேண்டும். அவர்கள் இறங்கிக்கொண்டிருக்கும் வேளையிலும் மிதுனம் வடமேற்கு வானிலே நிற்கின்றது. பகல் ஒளியில் எவர் கண்ணுக்கும் படாமல் எரிமீன்கள் வீழ்ந்துகொண்டே இருக்கின்றன. காலை எட்டு மணி கடந்த பின்னரே அது அடிவானில் மறையும்.